மேலூரில் கரைந்த வெள்ளி வெற்றிலை

சிம்மக்கல்லில் மொத்த வியாபாரக் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சந்தில், பிளாஸ்டிக் வாளிக் கடைக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவே ஜெயினம்புவின் கடை இருக்கிறது. பள்ளிக்கூட ஆய்வகங்களுக்கு வேண்டிய சாமான்கள் விற்கும் கடை. பீக்கர், சோதனைக்குழாய், காந்தம், லிட்மஸ் தாள், பிளாஸ்டிக் இதயம் எல்லாம் கிடைக்கும். வாசலில் ஓர் எலும்புக்கூடு தொங்குவதால் ஆட்டோக்காரர்களுக்கு அதுதான் அடையாளம். "எலும்புக்கூடு கடையா? ஏறுங்க" என்பார்கள்.

ஜெயினம்பு வேதியியல் பட்டப்படிப்பு முடித்தவள். படிப்பு முடிந்த கையோடு கல்யாணம். கணவர் அப்துல் அலீம் அப்போது வளைகுடாவில், தம்மாமில் வேலையில் இருந்தார். கடையைப் பார்த்துக்கொண்டிருந்த மாமனாருக்கு முழங்கால் முடக்கம் வந்தபோது, "ஒரு வாரம் உக்காரும்மா, ஆளு வச்சிரலாம்" என்றார்கள். ஆள் வைக்கவே இல்லை. அவள் எழுந்திருக்கவும் இல்லை. அலீம் ஊர் திரும்பியபோது கடை முழுக்க அவள் கைக்குள் வந்திருந்தது. அவர் பேசாமல் ஒரு சரக்கு ஆட்டோ வாங்கி, மனைவியின் கடைச் சாமான்களைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோய்ப் போடும் வேலையை எடுத்துக்கொண்டார். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. பாட்டில்களைக் கண்டால் மட்டும் பயம். அமிலம் ஏற்றிய நாட்களில் ஆட்டோவை ஊர்வலத் தேர் மாதிரி ஓட்டுவார்.

ஜெயினம்புக்குச் சத்தமான சிரிப்பு. கயிற்றுக் கடைக்காரர் அந்தச் சிரிப்பைக் கேட்டே இன்று அவளுக்கு நல்ல வியாபாரமா இல்லையா என்று சொல்லிவிடுவார். சிரிப்பு அதிகமென்றால் வியாபாரம் குறைவு. பேச ஆள் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆவணி பிறந்த ஒரு மத்தியானம், மேலூர் ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் பள்ளியிலிருந்து வேதியியல் ஆசிரியை ஸ்ரீஜா வந்தாள். சின்ன வயது. எதைச் சொன்னாலும் இரண்டு கையையும் சேர்த்து ஆட்டிச் சொல்லுகிற பெண்.

"அக்கா, கேலியம் கிடைக்குமா? கையில வச்சா உருகுமே, அந்த மெட்டல். அறிவியல் கண்காட்சிக்கு வேணும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்க ஒரே பிடிவாதமா இருக்கு. எரிமலை வேணாம், காத்தாடி வேணாம், கையில உருகுற உலோகந்தான் வேணும்னு நிக்குதுங்க."

ஜெயினம்பு கேலியத்தைத் தனிம அட்டவணையில் ஒரு கட்டத்துக்குள் பார்த்திருக்கிறாள். நேரில் பார்த்ததில்லை. பாடப்புத்தகத்தில் ஒரு வரி உண்டு: அறை வெப்பநிலையில் உலோகங்கள் திண்மங்கள், பாதரசம் நீங்கலாக. அந்த வரிக்குக் கொஞ்சம் தள்ளி, கேலியம் உள்ளங்கைச் சூட்டிலேயே உருகிவிடும் என்று இன்னொரு வரி. அதைப் படித்த வயதில், என்றைக்காவது ஒருநாள் கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவளும் ஆசைப்பட்டிருந்தாள்.

"வாங்கிருவோம்மா" என்றாள்.

பம்பாய்ப் பக்கத்து வியாபாரி ஒருவரிடம் சொல்லி, ஒரு வாரத்தில் கூரியர் வந்தது. கடையில் வைத்துப் பிரித்தாள். வெளியே ஒட்டியிருந்த படத்தில் வெள்ளிக் கற்கண்டு போல ஒரு கட்டி. உள்ளே இருந்த பிளாஸ்டிக் பாட்டிலில் கட்டி இல்லை. சாய்த்தால் சாய்ந்தது, நிமிர்த்தினால் நிமிர்ந்தது. தண்ணீர் மாதிரி ஓடுகிற வெள்ளி.

"ஏமாத்திட்டாய்ங்க" என்றார் அலீம், இரண்டடி பின்னால் போய் நின்று. "இது பாதரசம். மூடி வை, ஜெயினு."

அவளுக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் பட்டது. பாட்டிலை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். பாதரசமாக இருந்தால் அந்த அளவுக்குக் கையை இழுக்கும் கனம் இருந்திருக்கும். இது பாதிகூட இல்லை. பிறகு தலையைத் தூக்கிச் சுவரில் விற்பனைக்கு மாட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்தாள். சிவப்புக் கோடு முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. கேலியம் உருகுவதற்கு முப்பதே போதும்.

அவள் சிரித்த சிரிப்பில் கயிற்றுக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, புத்தகம் எழுதுனவுங்க ரூமு எங்கயோ குளிர்ச்சியான ஊர்ல இருந்திருக்கு. நம்ம ஊருக்கு வந்தா இரும்பு மட்டுந்தான் இரும்பா இருக்கும்போல. இது கொடைக்கானல்ல கல்லு, சிம்மக்கல்லுல தண்ணி!"

மறுநாள் அலீம் பாட்டிலைத் துணியில் சுற்றி, துணியைப் பெட்டியில் வைத்து, பெட்டியைப் பக்கத்து இருக்கையில் கட்டி, பிஸ்மி சொல்லி மேலூர் ரோட்டுக்குக் கொண்டுபோனார். மத்தியானமே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

"பிரின்சிபால் வேணாம்ட்டாரு."

பள்ளி முதல்வர் அனந்தபத்மநாபன் கண்டிப்பான மனிதர். போன வருடம் ஒரு பையன் பாதரச வெப்பமானியை உடைத்து, உருண்டைகளைக் கோலிக்குண்டாக்கி விளையாடியதிலிருந்து, வெள்ளி போல ஓடுகிற எதுவும் பள்ளி வாசலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். ஸ்ரீஜா எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறாள். "மேடம், அது திடப்பொருள்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? இது ஓடுதே" என்று ஒரே கேள்வியில் அவள் வாயை அடைத்துவிட்டார்.

அவர் சொன்னதில் தப்பு என்ன என்று ஜெயினம்பு யோசித்தாள். தப்பே இல்லை. பிள்ளைகளை வைத்திருப்பவர் பயப்படத்தான் செய்வார். அவருக்கே போன் போட்டாள்.

"சார், நாளைக்கு நானே வாரேன். கல்லாவே கொண்டு வாரேன். உங்க கண்ணு முன்னாடி கையில வச்சு உருக்கிக் காட்டுறேன். பிடிக்கலைன்னா திருப்பி எடுத்துக்கிறேன்."

"வாங்க, பார்ப்போம்" என்றார் அவர். குரலில் நம்பிக்கை கொஞ்சமும் இல்லை.

மகள் சமீனா எப்போதோ சாக்லேட் செய்ய வாங்கிய ரப்பர் அச்சு ஒன்று வீட்டில் கிடந்தது. இதய வடிவக் குழிகள். திரவத்தை அதில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தாள். காலையில் அச்சைப் பிதுக்கியதும் வெள்ளித் துண்டுகள் இரண்டு வழவழவென்று வெளியே வந்தன. அவற்றை மூடிபோட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தாள். ஆனால் மேலூர் ரோடு போய்ச் சேரும்வரை குளிர்ச்சி நிற்க வேண்டுமே. அதற்கு ஜெயினம்பு கண்ட வழி மாட்டுத்தாவணி.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மொக்கைச்சாமி என்பவர் வெளியூருக்கு மல்லிகை கட்டி அனுப்புகிறவர். தெர்மாகோல் பெட்டியில் ஐஸைப் பரப்பி, அதன்மேல் பூவை வைத்து, பழுப்பு நாடா ஒட்டிவிட்டால், அடுத்த நாள்வரை மொட்டு விரியாது. அவருடைய மகளுக்கு ஜெயினம்பு கடையில்தான் பள்ளிக்கூடச் சாமான் வாங்குவது வழக்கம்.

"என்னக்கா, பூவுக்குப் பதிலா டப்பாவ வச்சு ஐஸ் போடச் சொல்றீங்க? மீனா?"

"மெட்டலுண்ணே. வெயில் பட்டா உருகிரும்."

மொக்கைச்சாமி அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் கட்டிக் கொடுத்தார்.

அலீமுக்கு அன்று திருமங்கலத்தில் சரக்கு இறக்க வேண்டியிருந்தது. ஜெயினம்பு பஸ்ஸில் ஏறினாள். நல்ல கூட்டம். நடத்துனர் பெட்டியை வாங்கி முன்படிக்கட்டுப் பக்கம் வைத்தார். அங்கே ஏற்கெனவே இதே மாதிரி ஒரு பெட்டி இருந்ததை அவள் பார்க்கவில்லை. பக்கத்து சீட்டு அம்மாள், "ஆவணி முகூர்த்தம், மல்லி என்ன விலைக்கு எடுத்தீக?" என்று ஆரம்பித்து, பூ இல்லை என்று சொல்லியும் நம்பாமல், "விலையச் சொன்னா நாங்க என்ன பிடுங்கிக்கிறவா போறோம்" என்று கோபித்துக்கொண்டாள். அந்தப் பேச்சிலேயே பள்ளி ஸ்டாப் வந்துவிட்டது. ஜெயினம்பு கூட்டத்தைப் பிளந்து இறங்கினாள். "யக்கா, பூப்பெட்டி!" என்று நடத்துனர் ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். பஸ் போய்விட்டது.

முதல்வர் அறையில் ஸ்ரீஜாவும் முதல்வரும் நிற்க, ஜெயினம்பு நாடாவைக் கிழித்து மூடியைத் திறந்தாள். அறை முழுக்க மல்லிகை மணந்தது. ஈரத் துணிக்குக் கீழே பந்து பந்தாகக் கட்டிய பூ. டப்பாவைக் காணோம்.

அனந்தபத்மநாபன் குனிந்து பார்த்தார்.

"இதுவும் அறை வெப்பநிலையில திடப்பொருள்தான், ஒத்துக்கிறேன்" என்றார்.

ஸ்ரீஜா வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயினம்புக்குச் சிரிப்பு வந்தது. மொக்கைச்சாமிக்குப் போன் போட்டாள்.

"யாத்தே!" என்றார் மொக்கைச்சாமி. "அதே வண்டில விருமாண்டி அண்ணன் வந்தாரே! அவரு அக்கா மகனுக்கு மேலூர்ல பொண்ணு பேசி முடிச்சிருக்கு. இன்னைக்குப் பூ வைக்கிற விசேஷம். பொண்ணு தலையில வைக்கிறதுக்குத்தான் அம்புட்டுப் பூவும். அண்ணே எங்கிட்ட ஒரு பூ கொறஞ்சாலும் மானம் போயிரும்ன்டாரு. அவரு போன் எடுக்க மாட்டாருக்கா, மேளச் சத்தத்துல எங்கிட்டுக் கேக்கப் போகுது! பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மண்டபம்."

ஜெயினம்பு போனை வைத்தபோது முதல்வர் கையில் கார் சாவி இருந்தது.

"உலோகத்தைப் பிறகு பார்த்துக்கலாம். பூ முதல்ல போகணும். வாங்க ரெண்டு பேரும்."

மேலூர் மண்டபத்தில் அதற்குள் விஷயம் முற்றியிருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் விருமாண்டி, மீசையைத் தடவிக்கொண்டு, பெண் வீட்டார் அத்தனை பேரும் பார்த்திருக்கத் தாம்பாளத்தின் பக்கத்தில் பெட்டியைத் திறந்திருக்கிறார். உள்ளே பூ இல்லை. ஐஸும் ஒரு டப்பாவும். டப்பாவுக்குள் இதய வடிவத்தில், பார்த்தால் வெற்றிலை போலவே, இரண்டு வெள்ளித் துண்டுகள். சுற்றிலும் கிசுகிசுப்பு கிளம்பியது. விருமாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் சபையில் முழிப்பது அவர் சுபாவமில்லை.

"வெள்ளி வெத்தலை" என்று அறிவித்தார். "பூவு வாடிப்போகும். வாடாத வெத்தலைய மொதல்ல வைக்கிறது எங்க பக்கத்து வழக்கம். பூவு பின்னால வருது."

பெண்ணின் அத்தைக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "வெள்ளியிலயா! நல்ல மனசு" என்று சொல்லி, ஒரு வெற்றிலையை வலது உள்ளங்கையில் வாங்கி, எல்லோருக்கும் காட்டியபடி நின்றார். மண்டபத்தில் மின்விசிறி சுற்றியதே ஒழியக் காற்று இல்லை. கொஞ்ச நேரத்தில் வெற்றிலையின் நுனி வளைந்தது. பிறகு ஓரம் பளபளத்தது. பிறகு அத்தை "ஐயோ" என்று அலறினார். வெள்ளி அவர் கையில் தண்ணீராக உருண்டுகொண்டிருந்தது.

ஜெயினம்பு பூப்பெட்டியோடு உள்ளே நுழைந்தது அந்த அலறலின்போதுதான்.

"கையச் சாய்க்காதீங்கம்மா! வளையல்ல பட்டா தங்கம் கெட்டுரும்! யாராவது ஒரு எவர்சில்வர் டம்ளர் குடுங்க!"

டம்ளர் வந்தது. வெள்ளி அதற்குள் வழிந்து இறங்கியது. அத்தையின் கையில் சாம்பல் நிறத்தில் ஒரு மினுக்கம் மட்டும் மிஞ்சியது. "சோப்புப் போட்டா போயிரும், ஒண்ணுஞ் செய்யாது. வாயில மட்டும் வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, ஜெயினம்பு பூப்பெட்டியை விருமாண்டியிடம் நீட்டினாள். "அண்ணே, உங்க பூ. பஸ்ஸுல பெட்டி மாறிப்போச்சு."

விருமாண்டி பெட்டியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "சொன்னேன்ல, பூவு பின்னால வருதுன்னு" என்றார் சபையைப் பார்த்து.

ஆனால் அத்தையின் முகம் தெளியவில்லை. பூ வைக்க வந்த இடத்தில், வாங்கிய கையிலேயே வெள்ளி கரைந்துபோனதே. பின்வரிசையில் யாரோ "என்ன சகுனமோ" என்று சொல்வதும் கேட்டது. அத்தை கண்ணில் தண்ணீர் முட்டியது. "எங்கைலதானா இப்படி ஆகணும்?" என்றார்.

"உங்க கை மட்டுமில்லம்மா, யாரு கையா இருந்தாலும் உருகும். அதோட குணமே அது. கல்லாவும் இருக்கும், தண்ணியாவும் இருக்கும். திருப்பிக் கல்லாக்கிரலாம்."

"ஆக்குங்க" என்றார் அனந்தபத்மநாபன் பின்னாலிருந்து. "எனக்கும் அதைத்தான் பார்க்கணும். பாதரசமா இருந்தா ஐஸ்ல உறையாது."

ஜெயினம்பு டம்ளரை ஐஸுக்குள் புதைத்தாள். மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். நேரம் போயிற்று. டம்ளரின் வெளிப்பக்கம் வேர்த்து வழிந்தது. உள்ளே வெள்ளி சும்மா ஆடிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள், ஜில்லென்று இருந்தது. அவ்வளவு குளிர்ந்தும் உறையவில்லை. முப்பதில் உறைய வேண்டியது ஐஸில் கிடந்தும் ஏன் அடம் பிடிக்கிறது? முதல்வர் அவளைப் பார்த்தார். ஸ்ரீஜா நகத்தைக் கடித்தாள். ஜெயினம்பு ஐஸை இன்னும் கொஞ்சம் அள்ளி டம்ளரைச் சுற்றிக் குவித்தாள். இத்தனை வருடக் கடை வாழ்க்கையில் இப்படி ஒரு கல்யாணக் கூட்டத்தின் நடுவே மாட்டிக்கொண்டதில்லை.

அப்போது ஸ்ரீஜா மெதுவாக, "அக்கா, லேப்ல படிகம் வளர்க்கும்போது ஒரு சின்னப் படிகத்தை முதல்ல போடுவோமே?" என்றாள்.

ஜெயினம்பு நெற்றியில் அடித்துக்கொண்டாள். டப்பாவில் இன்னொரு வெற்றிலை உருகாமல் அப்படியே இருந்தது. அதன் நுனியைக் கரண்டிக் காம்பால் தட்டி ஒரு துணுக்கு உடைத்து எடுத்தாள்.

"பாலு எம்புட்டு நேரம் சும்மா இருந்தாலும் தயிராகுமா? உறை ஊத்தணும்ல" என்று சொல்லித் துணுக்கை டம்ளருக்குள் போட்டாள்.

துணுக்கு விழுந்த இடத்திலிருந்து ஒரு மங்கல் கிளம்பியது. கண்ணாடி மாதிரி இருந்த பரப்பில் கோடு கோடாக நீண்டு, ஓரத்தைத் தொட்டு, மறுபக்கம் திரும்பியது. சற்று நேரத்தில் ஜெயினம்பு டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை.

முதலில் கை தட்டியது மேளக்காரர்தான். அப்புறம் மண்டபமே தட்டியது.

மணப்பெண் தீப்தி அதுவரை பட்டுப்புடவையில் அசையாமல் உட்கார்ந்திருந்தவள், சட்டென்று எழுந்து வந்துவிட்டாள். மோதிரத்தைக் கழற்றி அத்தையிடம் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"எனக்கும் வைங்கக்கா."

"உக்காருடி, பூ வைக்கணும்" என்றார்கள் உள்ளிருந்து.

"ஒரு நிமிசம் இருங்க. பூ எல்லாருக்குந்தான் வைப்பாங்க. இது யாருக்குக் கிடைக்கும்?"

ஜெயினம்பு மிச்சமிருந்த வெற்றிலையை அவள் கையில் வைத்தாள். நுனி உடைந்த அந்தத் துண்டு தீப்தியின் மருதாணிக் கோலத்தின்மேல் மெல்ல இளகி, ஒரு வெள்ளிக் குளமாக நின்றது. தீப்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மாவும் வந்து நின்று பார்த்தார். சகுனத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. கையில் வாங்கிப் பார்க்க வரிசை நின்றது. விருமாண்டி வரிசையை ஒழுங்குபடுத்தினார். பூ வைக்கும் நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சந்தான் இருக்கிறது என்று யாரோ ஞாபகப்படுத்தியபின்தான் எல்லோரும் கலைந்தார்கள்.

திரும்பும்போது காரில் அனந்தபத்மநாபன் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே வந்தார். பிறகு, "மேடம், நம்ம கம்ப்யூட்டர் ரூம்ல ஏசி எம்புட்டுல இருக்கு?" என்று ஸ்ரீஜாவைக் கேட்டார்.

"இருபத்தி நாலு சார்."

"அங்க ஒரு தட்டு வைங்க. பக்கத்து வகுப்பறையில ஒரு தட்டு. ரெண்டுலயும் இதே உலோகம். ஒரு ரூம்ல கல்லு, ஒரு ரூம்ல தண்ணி. பிள்ளைங்க நடந்து பார்க்கட்டும்."

ஸ்ரீஜா இரண்டு கையையும் ஆட்டிப் பேச ஆரம்பித்து, பள்ளி வரும்வரை நிறுத்தவில்லை.

கண்காட்சியில் அந்த இரண்டு அறைகளுக்கும் நடுவில்தான் கூட்டம் அதிகம். கையில் வாங்கிப் பார்க்க நின்றவர்களில் அலீமும் ஒருவர். ஜெயினம்பு அவரை வரிசையில் பார்த்துவிட்டு அசந்துபோனாள். முறை வந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். உருகி முடிந்தபோது திறந்து பார்த்து, "சுப்ஹானல்லாஹ்" என்றார், அந்த வெள்ளிக் குளத்தில் தன் மூக்கு தெரிவதைப் பார்த்தபடி. "இத்தன நாளு என்னைய எதுக்கு ஜெயினு பயமுறுத்தி வச்சிருந்த?"

"நானா பயமுறுத்துனேன்?"

மாசக் கடைசியில் தீப்தியின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. கடைக்கே நேரில் வந்து வைத்தவர் விருமாண்டி. ஜெயினம்புவும் அலீமும் மேலூருக்குப் போனார்கள். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தபோது, எதிர்ப்பந்தியில் விருமாண்டி தன் சொந்தக்காரர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "மாப்ள, வெள்ளியத் தேடி எங்கெங்கயோ அலைஞ்சு, கையில உருகுறதாப் பாத்து நாந்தான் சொல்லி வச்சு வாங்குனேன். மருதக்காரம்மா ஒருத்தவுக கொண்டாந்து குடுத்தாக."

அலீம் எழுந்திருக்கப் பார்த்தார். ஜெயினம்பு அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இருங்க, கேப்போம். இன்னும் என்னென்ன சொல்றாருன்னு பாக்கணும்" என்றாள். பாயசம் பரிமாறுகிறவர் வந்து நின்றார். அவள் சிரித்த சிரிப்பில் அவர் ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டியாக ஊற்றிவிட்டுப் போனார்.